புலிச்சாமியின் நான்காவது இருநூறு

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் மாடியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் குமரகுருபரனின் பேச்சை அவருடைய நோயாளிகள் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. "பல்லை எடுக்கணும்" என்றால், "மச்சினன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். "எடுக்க வேண்டாம், காப்பாத்திரலாம்" என்றால், செலவு வைக்கப் பார்க்கிறார் என்று வேறு டாக்டரைத் தேடிப் போவார்கள். இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் சொன்னதும் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேருக்குக் காது கேட்காது.

ஐம்பது வயதில் சைக்கிள் பக்கம் வந்ததற்கு அவர் சர்க்கரை, மூட்டு, மன அமைதி என்று பல காரணங்கள் சொல்வார். உண்மையான காரணம் ஒன்றுதான். சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திய சின்னப் பெட்டி காட்டுகிற கிலோமீட்டரை எந்த மச்சினனாலும் மறுக்க முடியாது.

பொருநை பெடலர்ஸ் கழகத்தை அவர்தான் தொடங்கினார். டாக்டர்கள், என்ஜினியர்கள், வங்கி அதிகாரிகள், ஒரு வாழைமண்டி முதலாளி என்று இருபத்துமூன்று உறுப்பினர்கள். ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் என்று சொல்லப்பட்ட சைக்கிள்களை இரண்டு கையாலும் தூக்கிக் காரில் கட்டி, ஊர் எல்லை வரை காரிலேயே போய், அங்கிருந்து கிராமத்துச் சாலைகளில் இயற்கையை ரசித்து ஓட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஓட்டம். இருநூறு கிலோமீட்டர், பதிமூன்றரை மணி நேரம். ஒரே வருடத்தில் நான்கு இருநூறு முடித்தவருக்குப் பதக்கம் உண்டு. கழகத்தில் இதுவரை யாரும் அதை வாங்கியதில்லை.

போன வருடம் வாங்கியிருக்க வேண்டியவர் வாழைமண்டி பெருமாள்ராஜ். நான்காவது ஓட்டத்தில் விக்கிரமசிங்கபுரம் தாண்டும்போது அவருடைய மச்சான் வழியில் நின்று ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார். இவரும் குடித்துவிட்டார். 'ஓட்டுநர் வழியில் எவரிடமிருந்தும் விலையின்றி உணவோ, பானமோ, பொருளோ பெறலாகாது' என்கிற பதினான்காம் விதியைக் காட்டி டாக்டர் அவரைத் தகுதிநீக்கம் செய்தார். விதிகளை எழுதியவரும் டாக்டர்தான். மொத்தம் முப்பத்தொரு விதிகள். தன் பல் மருத்துவமனையில் ஒன்றைக்கூட அவரால் அமல்படுத்த முடிந்ததில்லை.

இந்த வருடம் டாக்டர் மூன்று இருநூறு முடித்திருந்தார். நான்காவது புரட்டாசியில், தசராத் திருவிழாவுக்கு நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை. இதற்காக நாற்பது நாளாக அவர் அரிசியைத் தொடவில்லை. அவருடைய மைத்துனர் ஞானசம்பந்தன் பாராட்டு விழாவுக்கு மண்டபம் பிடித்து, வெள்ளிக்கிழமையே சமாதானபுரம் முக்கில் பிளெக்ஸும் கட்டிவிட்டார். 'ஓராண்டில் நான்கு முறை இருநூறு கண்ட இருசக்கர வேங்கையே வருக!' வேங்கை என்று போட்டதற்குக் காரணம் இருந்தது. புலிகள் காப்பகத்தின் ஓரமாகப் போகும் பாதை என்பதால் கழகம் இந்த முறை புதுச் சீருடை தைத்திருந்தது. கழுத்திலிருந்து தொடை வரை உடம்போடு ஒட்டிய ஆரஞ்சுத் துணி, அதில் கறுப்புக் கோடுகள்.

காலை ஐந்து மணிக்குப் புறப்படும் இடத்தில் நேரக் கண்காணிப்பாளராக ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போனபோதுதான் அது பெருமாள்ராஜ் என்று டாக்டருக்குத் தெரிந்தது. குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்குக் காப்புக் கட்டி, தசரா வேஷம் போட்டிருந்தார். விரதத்தில் ஓட்ட முடியாது என்று இந்தப் பொறுப்பை அவரே கேட்டு வாங்கியிருந்தார்.

"ஏன் பெருமாள், மண்டி முதலாளி நீரு. இப்படி வேஷம் கட்டிட்டுத் தெருத்தெருவாப் போய்க் கையேந்தணுமாவே?" என்றார் டாக்டர்.

"நேர்ச்சை அண்ணாச்சி. மகளுக்குச் சொகமில்லாம இருந்தப்போ நேர்ந்தது. கையேந்தினாத்தானே தலை குனியும்?"

"வசூல் எப்படி?"

"அதுல நமக்கு ஒண்ணும் கிடையாது. அம்புட்டும் அம்மனுக்கு. உண்டியல்ல சேர்க்குத வரைக்கும் பொய்யும் பேசக் கூடாது. மண்டியில உக்காந்துக்கிட்டுப் பத்து நாள் பொய் சொல்லாம இருக்கது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா?" பெருமாள்ராஜ், ஓட்டுநர்களுக்கான ஆரஞ்சு நிற அடையாளத் துணியை டாக்டரின் வலது மணிக்கட்டில் கட்டினார். "இந்தா, அண்ணாச்சிக்கும் காப்புக் கட்டியாச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்கள் தன் போன்ற குடும்பங்களுக்கு உரியவை அல்ல என்பது அவருடைய எண்ணம். சாமி கும்பிடுவது வேறு, சாமியாக வேஷம் கட்டுவது வேறு.

மணிமுத்தாறு அணை ஏற்றம் நன்றாகவே போனது. மதியம் சேரன்மகாதேவியில் காசு கொடுத்து இட்லி சாப்பிட்டார். களக்காட்டைத் தாண்டி, மலையடிவாரத்துச் சாலையில் திரும்பியபோது மற்றவர்கள் முன்னும் பின்னுமாகச் சிதறிவிட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஏத்தன் வாழைத் தோப்புகள், மறுபக்கம் மேகம் இறங்கிய மலை. சாலை ஒவ்வொரு ஓடைக்கும் இறங்கி ஏறியது. மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் பூலாங்கட்டளை என்கிற சின்ன ஊரின் ஏற்றத்தில் அவருடைய தண்ணீர் தீர்ந்தது. இன்னும் நாற்பத்துநான்கு கிலோமீட்டர். மூன்று மணி இருபது நிமிடம் கையில் இருந்தது. அதிலேயே பாதி ஓய்வெடுக்கலாம்.

ஏற்றத்தின் உச்சியில் ஒரு டீக்கடை. டாக்டர் இறங்கி நடந்தார். பெடலில் மாட்டிக்கொள்வதற்காக அடியில் கட்டை வைத்த சைக்கிள் ஷூ. அதைப் போட்டுக்கொண்டு யாராலும் மனிதரைப் போல நடக்க முடியாது. முன்பாதம் தூக்கி, முழங்கால் மடங்கி, ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்று சத்தம். கறுப்புக் கண்ணாடி, பின்பக்கம் வால் போல நீண்ட ஹெல்மெட், உடம்பெங்கும் வரிகள்.

கடை வைத்திருந்த மாரித்தாய் அடுப்பை விட்டு எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தாள்.

"வாங்க சாமி. ஒத்தையிலயா வந்திருக்கிய? மேளம் எங்க?"

"ஒரு தண்ணி பாட்டில் கொடும்மா. பணத்தைப் போன்ல அனுப்பிருதேன்."

"டவர் குளத்து மடைகிட்டதான் கிடைக்கும். உங்ககிட்ட நான் துட்டு வாங்குவனா? சோறு இருக்கு, கொஞ்சம் போடட்டா?"

"சோறு வேண்டாம். நாப்பது நாளா அரிசி தொடலை."

மாரித்தாய் கை கூப்பினாள். "நாப்பது நாள் விரதம்!" என்று உள்ளே திரும்பிச் சத்தம் கொடுத்தாள். "ஏ பிச்சைக்கண்ணு மாமா, இங்கன வாங்க. குலசைக்குப் புலிச்சாமி வந்திருக்கு. சைக்கிள்லயே வந்திருக்கு!"

டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. "ஏம்மா, நான் சாமி இல்லை. சும்மா சைக்கிள் ஓட்டுதேன்."

"சும்மா யாராச்சும் இப்படி உடுப்புப் போட்டுக்கிட்டு வெயில்ல ஓட்டுவாவளா?" என்றாள் மாரித்தாய். அந்தக் கேள்விக்குக் கழகத்தின் முப்பத்தொரு விதிகளில் எதிலும் பதில் இல்லை.

கடை முன்னால் கிடந்த கல்லில் அவரை உட்கார வைத்தார்கள். ஒரு செம்பு நிறைய மோர் வந்தது. உப்பும் பெருங்காயமும் போட்ட மோர். டாக்டர் பதினான்காம் விதியை நினைத்தார். காசைப் பிறகு அனுப்பிவிட்டால் விலை கொடுத்ததாகத்தானே ஆகும் என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, செம்பைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார். முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பழைய வார்டு மெம்பர் பிச்சைக்கண்ணு ஒரு மஞ்சள் துணியைக் கொண்டுவந்து சைக்கிளின் கைப்பிடியில் முடிந்தார். பெண்கள் அதில் ஆளுக்கொரு பிடி அரிசியும் சில்லறையும் போட்டார்கள். யாரோ ஹெல்மெட்டில் குங்குமம் வைத்தார்கள்.

"ஒரு வாக்குச் சொல்லிட்டுப் போங்க சாமி," என்றாள் மாரித்தாய்.

"எனக்கு வாக்கெல்லாம் வராதும்மா." கிளம்பிவிடத்தான் நினைத்தார். ஆனால் அவள் கன்னத்தைப் பார்த்த கண் அதைவிட்டு நகரவில்லை. வலது தாடை லேசாக வீங்கியிருந்தது. பேசும்போது அந்தப் பக்கம் சரியாகத் திறக்கவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. "வலது பக்கம், கீழ, கடைசிப் பல்லு. குளிர்ந்த தண்ணி பட்டா உயிர் போகும். ராத்திரி படுத்தா வலி கூடும். ரெண்டு மாசமா இடது பக்கமாத்தான் சாப்பிடுத."

கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

"எம்மா!" மாரித்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வாயே திறக்கலியே! எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாதே!"

"கிராம்பு வைக்காத. பாளையங்கோட்டை தெற்கு பஜார்ல, மாடியில, பச்சை போர்டு போட்ட ஆஸ்பத்திரி. அங்கன போய்க் காட்டு. பல்லை எடுக்கணும்னா எடுத்துரணும்."

"எடுத்துருதேன் சாமி."

டாக்டர் அவளைக் கூர்ந்து பார்த்தார். மச்சினனைக் கேட்கவில்லை. வேறு டாக்டரைத் தேடவில்லை. ஆகும் செலவைக்கூடக் கேட்கவில்லை. எடுத்துவிடுகிறேன் என்கிறாள்! வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய சிகிச்சை ஆலோசனை முழுதாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

இன்னும் ஒரே ஒரு ஆளைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தார்.

அடுத்து வந்தவர் பிச்சைக்கண்ணுதான். "உனக்கு ஈறுல ரத்தம் வருது. வெத்தலை போடுதத விடு" என்றதும், மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். நாற்பது வருடப் பழக்கம். தன் மருத்துவமனைச் சுவரில் படம் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, வெற்றிலையின் தீமை பற்றி டாக்டர் எழுதி வைத்திருந்ததை ஒருத்தரும் நின்று வாசித்தது கிடையாது.

பிச்சைக்கண்ணு மறுகணமே நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏலே, முண்டாதிய! பைய வாங்க. வீக்கம் இருக்கவங்க இந்தப் பக்கம். சும்மா கூசுதவங்க பின்னால நில்லுங்க. கல்யாணம், கடன், வேலை எல்லாம் கேக்கக் கூடாது. சாமி பல்லு மட்டும்தான் பாக்கும்."

"பொம்பளப் புள்ளைக்கு மாப்பிள்ளை அமையுமான்னு ஒரு வார்த்தை…"

"பல்லு வரிசை சரியா இருந்தா அமையும். அங்கிட்டுப் போ."

முதலிலிருந்தே போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தன் அதை அனுப்ப மடையை நோக்கி ஓடினான். டாக்டர் கவனித்தார், தடுக்கவில்லை. சுவிட்சுப் போட்டுச் சாய்கிற நாற்காலி இல்லை, விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை. கல்லில் உட்கார்ந்தபடி வாயைத் திறக்கச் சொல்லாமலே அவர் சொல்லிக்கொண்டு போனார். சொன்னதில் சில சரியாக இருந்தன. தவறானவற்றை, இனிமேல் வரப் போவதாக ஊர் எடுத்துக்கொண்டது. தினமும் இரண்டு தடவை பல் தேய்ப்பதாக ஒரு கிழவர் சத்தியம் செய்து கொடுத்தார். அவருக்குப் பல்லே இல்லை.

மணிக்கட்டு அதிர்ந்தது. ஓட்டம் நின்று நெடுநேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரம் சொன்னது. நாலு முப்பத்தைந்து.

அதன் பிறகு அவர் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்வதைவிடத் தப்பித்து ஓடியது என்று சொல்லலாம். திருக்குறுங்குடி, நாங்குநேரி, நான்குவழிச் சாலை. எதிர்க்காற்று. கைப்பிடியில் மஞ்சள் மூட்டை ஒவ்வொரு பள்ளத்துக்கும் கலகலவென்று குலுங்கியது. வழியில் கழற்றி எறிந்துவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும் கை போகவில்லை. முத்தாரம்மனை அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. பழக்கமில்லாதவர்களிடம்தானே கூடுதல் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையில் ஓட்டம் முடியும் இடத்தை அவர் தொட்டபோது மணி ஆறு நாற்பத்தொன்று. கெடு ஆறு முப்பது.

அங்கே மனைவி பிரம்மநாயகி ஆரத்தித் தட்டோடு நின்றாள். பக்கத்தில் ஞானசம்பந்தன் சால்வையோடு நின்றார். மேஜைக்குப் பின்னால் போலீஸ் இன்ஸ்பெக்டர் கோலத்தில் பெருமாள்ராஜ். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு நேரம் குறிக்கும் அட்டையை எடுத்து, பேனாவை மூடாமல் அவர் பக்கம் நகர்த்தினார்.

"நேரத்தை நீங்களே போட்டுருங்க அண்ணாச்சி. என் கையால பொய் எழுத முடியாது. நீங்க எழுதினா நான் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

"ஆறு இருபத்தொன்பதுன்னு போடுங்க அத்தான்," என்றார் ஞானசம்பந்தன். "மண்டபம் பிடிச்சாச்சு. பிளெக்ஸ் கட்டியாச்சு. பன்னெண்டு நிமிஷத்துக்காகப் புதுசாவா அடிக்க முடியும்?"

டாக்டர் பேனாவை எடுத்தார். நேரத்துக்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. அவரே எழுதியது. 'வழியில் எவரிடமிருந்தும் எதையேனும் பெற்றீர்களா? ஆம் / இல்லை.'

"அதையும் பாத்துப் போடுங்க," என்றார் பெருமாள்ராஜ். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. போனை மேஜைமேல் வைத்துத் தட்டினார். அதில், கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு புலி, ஒரு பெண்ணைப் பார்த்து, வலது பக்கம், கீழ, கடைசிப் பல்லு என்றது. "குரூப்ல வந்துக்கிட்டே இருக்கு. நம்ம உடுப்புத்தான். யாருன்னு எல்லாரும் கேக்காங்க. கண்ணாடி போட்டிருக்கதால ஆள் தெரியலை."

"ஆமா, தெரியலை," என்றார் டாக்டர்.

"பல்லைப் பத்திப் பேசுத சாமி நம்ம கழகத்துல எத்தனை இருக்கும்னுதான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் பேனாவை இறுக்கிப் பிடித்தார். "அது உதவி இல்லை பெருமாள். மோர் மட்டும்தான். அதுவும் எனக்குன்னு கொடுக்கலை, அம்மனுக்குன்னு கொடுத்தது. நான் வெறும்…"

"எங்க மச்சானும் அன்னைக்கு அம்மன் பேரைச் சொல்லி இளநி வெட்டியிருக்கலாம். அவனுக்கு அறிவு பத்தாது."

இதற்குள் பிரம்மநாயகி தட்டை ஞானசம்பந்தன் கையில் கொடுத்துவிட்டு சைக்கிளிடம் போயிருந்தாள். மஞ்சள் மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அரிசி. சில்லறை. ஹெல்மெட்டில் குங்குமம்.

"என்னது இது?"

டாக்டர் சொன்னார். வேறு வழி இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ வாங்கியிருக்கிய," என்றாள் பிரம்மநாயகி. "கையில காப்பும் இருக்கு. அம்மன் காசை வண்டியில வச்சுக்கிட்டு இந்தக் கையால பொய்க் கையெழுத்துப் போடுவியளா? போடுங்க பாப்போம். நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கது?"

"நமக்கு இதெல்லாம் உண்டாடி?"

"வாங்கும்போது அந்த யோசனை எங்க போச்சு?"

தசரா வேஷக்காரர்கள் இரண்டு பேர், ஒரு காளியும் ஒரு கரடியும், பெருமாள்ராஜைக் கூட்டிப்போக வந்து ஓரமாக நின்றார்கள். கரடி, டாக்டரின் உடுப்பைத் தொட்டுப் பார்த்து, "துணி நல்லாருக்கு. எங்க தச்சது அண்ணாச்சி?" என்றது.

டாக்டர் அட்டையில் ஆறு நாற்பத்தொன்று என்று எழுதினார். கீழே 'ஆம்' என்பதைச் சுழித்தார். பெருமாள்ராஜ் அதை வாங்கி, ஊதிக் காயவைத்து, பதினான்காம் விதி என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார். அப்படியே எழுந்து, இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்து, ஒரு சல்யூட் அடித்தார்.

"குலசைக்கு நாங்க பத்தாம் திருநாளைக்குப் போறோம். வேன்ல இடம் இருக்கு. இல்ல, நீங்க சைக்கிள்லதான் வருவியளா?"

பாராட்டு விழா நடந்தது. மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்பாது என்பதால் நடத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. பிளெக்ஸில் 'நான்கு' என்ற இடத்தில் 'மூன்று' என்று ஒரு துண்டை ஒட்டினார்கள். ஓராண்டில் மூன்று முறை இருநூறு கண்டவர் கழகத்தில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். ஞானசம்பந்தன் அவர்களுக்கும் சால்வை வாங்க வேண்டியதாயிற்று. பத்தாம் திருநாளன்று டாக்டர் அறுபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டிக் குலசைக்குப் போய் மஞ்சள் மூட்டையை உண்டியலில் சேர்த்தார். அங்கே கூடியிருந்த லட்சம் வேஷங்களுக்கு நடுவில் அவரை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலையில் தெற்கு பஜார் மருத்துவமனையின் மாடிப்படி முழுக்கப் பூலாங்கட்டளை உட்கார்ந்திருந்தது. திருவிழா முடியட்டும் என்று காத்திருந்து, வேன் பிடித்து வந்திருந்தார்கள். முதல் ஆளாக மாரித்தாய் நாற்காலியில் சாய்ந்தாள். வெள்ளைக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக நின்ற டாக்டரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். சொத்தை கடைசிப் பல்லில் இல்லை. அதற்கு முந்தின பல்லில் இருந்தது.

"இந்தப் பல்லை எடுக்கணும்மா."

"அது இல்ல டாக்டர். கடைசிப் பல்லு. புலிச்சாமி சொல்லிருச்சு."

"சாமி வெளியில இருந்து பாத்துச் சொல்லியிருக்கும். எக்ஸ்ரேயில தெளிவாத் தெரியுது, இந்தா பாரு."

"நான் வாயைத் திறக்கவே இல்ல, அது உள்ள இருக்கதச் சொல்லிச்சு. நீங்க படம் பிடிச்சுப் பாத்துட்டு மாத்திச் சொல்லுதிய." மாரித்தாய் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இருங்க. வெளிய எங்க மாமா இருக்காக. ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். காணிக்கை உண்டியலில் சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. மணிக்கட்டில் துணியும் இல்லை. இனி ஒரு பொய் சொன்னால் குற்றமில்லை.

"ஒரு நிமிஷம் இரும்மா," என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு 'டக், டக்' என்று ஒரு நடை. மருந்துத் தட்டோடு நின்ற உதவியாளர் கலையரசி துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியும் வால் வைத்த ஹெல்மெட்டுமாகக் கதவருகே வந்து நின்று, டாக்டர் சொன்னார்:

"கடைசிப் பல்லு இல்ல தாயி. அதுக்கு முந்தினது."

மாரித்தாய் அந்த ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்வையைக் கீழே இறக்கி வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.